ஆறாம் ஜன்னலும் பதினைந்து அந்நியரும்

ஃபனோரி ஒகாம்போ என்னும் பெண்மணிக்கு நாற்பத்து நான்கு வயது. மனிசாலெஸ் நகரத்துப் பேருந்து நிலையத்தில் ஆறாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்து, பயணிகளுக்குத் தகவல் சொல்லும் வேலையைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பார்த்து வந்தாள். காலையில் வந்தவுடன் கண்ணாடியைப் பழைய செய்தித்தாளால் துடைப்பாள். காப்பிக் குவளையை இடப்பக்கமும் நேர அட்டவணையை வலப்பக்கமும் வைப்பாள். வைத்த பிறகு அந்த அட்டவணையின் பக்கம் திரும்பவே மாட்டாள். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து புறப்படும், மருலந்தா போகும் பாதையில் எங்கே மண் சரிந்து கிடக்கிறது, சலமினாவில் இறங்கியவர் மேற்கொண்டு எதில் ஏற வேண்டும் என்பனவெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கேட்பவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் பாதி விடையை அவள் சொல்லியிருப்பாள். அதனை ஒருவரும் குறையாகக் கருதியதில்லை.

வெள்ளிக்கிழமை மாலையும் சனிக்கிழமை முழுவதும் அவள் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தாள். இளங்கலையில் வரைகலை வடிவமைப்புப் படித்தவள், இப்போது ஊடாடும் எண்ணிம ஊடகம் என்ற துறையில் முதுகலைப் படிப்பின் இறுதிப் பருவத்தில் இருந்தாள். பார்ப்பவர் தொட்டாலோ பேசினாலோ நடந்தாலோ அதற்கேற்ப மாறுகின்ற படைப்புகளை உருவாக்கும் படிப்பு அது. வகுப்பில் பெரும்பாலோர் இருபத்தைந்து வயதைச் சுற்றியவர்கள். அவர்கள் விளையாட்டுகளையும் மாயத் தோற்றங்களையும் செய்துகொண்டிருக்க, ஃபனோரி தன் ஜன்னலையே செய்தாள்.

மரச்சட்டமும் கண்ணாடியும் பொருத்திய உண்மையான ஜன்னல் அது. கண்ணாடிக்கு முன்னால் சாய்மேசை. அதன்மேல் மலைப்பாதைகள் வரைந்த பெரிய வரைபடம். அதில் ஓர் ஊரின்மேல் விரல் வைத்தால், அவ்வூர்க்காரர் ஒருவரின் குரல் தம் வீட்டுக்கு வழி சொல்லத் தொடங்கும். விரலை அழுத்திப் பிடித்திருக்கும் வரை குரல் தொடரும். கண்ணாடியில் அந்தப் பாதை விரிந்துகொண்டே போகும். பாலத்தைக் கடந்ததும் இடப்பக்கம், நீல வாயிற்கதவு, குரைக்கும் நாய், ஆனால் கடிக்காது என்று அறுபத்திரண்டு குரல்கள். அவற்றைப் பதிவு செய்ய அவளுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

பட்டம் பெறுவதற்கான நிபந்தனைகள் ஒரு தாளில் ஒன்பது கட்டங்களாக அச்சிடப்பட்டிருந்தன. பாடங்கள், வேற்றுமொழித் தேர்வு, ஆய்வேடு ஆகிய மூன்றும் முன்னரே முடிந்திருந்தன. நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் திருப்ப வேண்டியது ஒன்றும் இல்லை என்ற சான்றுகளும் கைக்கு வந்துவிட்டன. மூன்றாண்டுகளில் ஒரு பந்தையும் தொட்டறியாத ஃபனோரி, தன்னிடம் பந்து எதுவும் இல்லை என்று விளையாட்டுப் பிரிவில் சான்று வாங்க ஒரு முழு மதியம் வரிசையில் நின்றாள். எஞ்சியிருந்தது ஏழாம் கட்டம் ஒன்றே. அறிமுகமில்லாத பதினைந்து பேர், செய்தவரின் உதவி சிறிதும் இன்றி, படைப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை பயன்படுத்த வேண்டும். அதனை ஒளிப்பதிவு செய்து ஒப்படைக்க வேண்டும். செய்தவர் வாய் திறக்கலாகாது. சோதித்த வடிவத்தையே நடுவர் முன் வைக்க வேண்டும். இடையில் மாற்றினால் பட்டம் அடுத்த பருவத்துக்குப் போய்விடும்.

அவளுக்கோ டிசம்பரில் பட்டம் வேண்டும். பேருந்து நிலையத்தைப் புதுப்பிக்க இருந்தார்கள். அறிவிப்புப் பலகைகள், வழிகாட்டும் திரைகள் அனைத்தையும் வடிவமைக்கும் பிரிவுக்கு ஒரு தலைவர் தேவைப்பட்டார். டிசம்பர் பதினைந்துக்குள் முதுகலைப் பட்டத்தைக் காட்டினால் அந்த இடம் உனக்கே என்று மேலாளர் சொல்லியிருந்தார். காட்டாவிட்டால் விளம்பரம் கொடுத்து வேறொருவரை எடுப்பார்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக அந்தக் கண்ணாடிக்கு மறுபுறம் வர அவளுக்கு ஒரு வழி தெரிந்தது.

பதினைந்து அந்நியரைக் கொண்டு சோதனை முடிந்திருந்தது; அதன் ஒளிப்பதிவுகளை ஒழுங்குபடுத்தித் தர முன்வந்தவள் யுரானி. வகுப்பிலேயே இளையவள், வாய் நீளம். அவள் ஃபனோரியை மரியாதையாகத் தோன்யா என்பாள்; ஃபனோரி அவளை மகளே என்னும் பொருளில் மிஹா என்பாள். திங்கட்கிழமை மதியம் அவள் ஃபனோரியைப் படத்தொகுப்பு அறைக்கு அழைத்தாள்.

“தோன்யா ஃபனோரி, இங்க உக்காருங்க. இது யாரு கை?”

“எது?”

“இந்தப் பொண்ணு வலது கையில பை வெச்சிருக்கா. இடது கையில ஃபோன். அப்ப வரைபடத்துல நெய்ரா ஊர் மேல இருக்கிற இந்த மூணாவது கை யாருது?”

ஃபனோரி திரையருகே குனிந்தாள். சட்டைக் கையின் சாம்பல் நிறத்தை அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

“என்னோடதுதான் போல.”

“போலவா! இதையும் கேளுங்க.”

யுரானி ஒலியைக் கூட்டினாள். ‘மெல்ல அழுத்துங்க, அம்மா. எடுத்துடாதீங்க. அப்படியே பிடிங்க’ என்றது ஒரு குரல்.

“நானா பேசுறேன்?”

“இல்ல, போப்பாண்டவர் பேசுறாரு.”

“நான் வாயே திறக்கலியே, மிஹா. பல்லக் கடிச்சுக்கிட்டுல்ல நின்னேன்.”

“நீங்க திறக்கல. அது தானா திறந்துக்கிச்சு. பதினஞ்சுல பதினொண்ணு இப்படித்தான். அதுல ஒருத்தர் பாவம், அவர் கையை நீங்களே பிடிச்சு வெக்கிறீங்க, ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்கு ‘அ’ எழுதிக் காட்டுற மாதிரி.”

“மிச்சம் நாலு?”

“அந்த நாலு பேரும் தலைநகரம் போகோத்தாவிலேர்ந்து வந்தவங்க. அவங்கள யாராலயும் நிறுத்த முடியாது. வந்தாங்க, தட்டினாங்க, போனாங்க.”

ஃபனோரி சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது. ஒப்படைக்க வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை.

யுரானி நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “இதுக்கெல்லாம் பயப்படாதீங்க. ஓரத்த வெட்டினா கை போயிடும். சத்தத்த எடுத்துட்டா குரல் போயிடும். சத்தம் கட்டாயம்னு எங்கயும் எழுதல. ஆபீஸ்ல பதினஞ்சு இருக்கான்னு எண்ணுவாங்க, அவ்வளவுதான்.”

“மூணு நாள் இருக்கு. மறுபடியும் பண்ணிப் பார்க்கிறேன்.”

“பண்ணுங்க. நானும் என் பங்குக்கு வெட்டி வெக்கிறேன். இருந்துட்டுப் போகட்டும்.”

மறுநாள் காலை, பேருந்து நிலையத்து மேல்தளக் கூடத்தில் ஜன்னல் மீண்டும் நிறுவப்பட்டது. ஃபனோரி அதன் அருகில் நிற்கக் கூடாது என்று யுரானி கண்டிப்பாகச் சொல்லி, அவளை எதிரே இருந்த சிற்றுண்டிக் கடையில் உட்கார வைத்தாள். அவ்வூர் வழக்கப்படி சூடான வெல்லத் தண்ணீரில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு, அவை இளகுவதைக்கூடக் கவனியாமல், ஃபனோரி கூடத்தையே பார்த்திருந்தாள்.

முதலில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். யுரானி உரிய தாளில் கையெழுத்து வாங்கி, விருப்பம்போல் பயன்படுத்தலாம் என்று மட்டும் சொல்லி விலகி நின்றாள். மனைவி ஜன்னலை நெருங்கி, கண்ணாடியை நோக்கிக் காலை வணக்கம் சொன்னாள். பிறகு காத்திருந்தாள். வரைபடத்தைப் பார்த்தாள், ஆனால் கையைப் பைமீதே வைத்திருந்தாள். சற்று நேரம் சென்றபின் கணவனிடம் திரும்பினாள்.

“உள்ள யாரும் இல்ல போலிருக்கே.”

“காப்பி குடிக்கப் போயிருப்பாங்க. வா, அப்புறம் வரலாம்.”

அடுத்து வந்தவள் செவிலியர் படிப்பு மாணவி. அவளும் வணக்கம் சொன்னாள். கண்ணாடியை விரல் நுனியால் இருமுறை தட்டினாள். “மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிப் போய்விட்டாள். அவளை அடுத்து ஒரு வாகன ஓட்டுநர் வந்தார். அவரும் அவ்வாறே செய்தார்.

பதினொரு மணியளவில், வெள்ளைத் தொப்பியும் தோளில் மடித்த போர்வையுமாக எலியோதோரோ என்னும் முதியவர் வந்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, “காலை வணக்கம், நல்லா இருக்கீங்களா?” என்று ஜன்னலைக் கேட்டார். அங்கேயே நின்றார். ஃபனோரியின் குவளை ஆறியது. அவள் இரண்டு முறை எழுந்தாள். இரண்டு முறையும் யுரானி தொலைவிலிருந்தே விரலை ஆட்டி உட்காரச் செய்தாள். பதினொரு நிமிடங்கள் நின்றபின் முதியவர் தொப்பியை அணிந்துகொண்டு திரும்பினார். அவரைப் பொறுத்தவரை சோதனை முடிந்துவிட்டமையால், இனிப் பேசலாம் என்று ஃபனோரி ஓடிச் சென்று அவரை மறித்தாள்.

“ஐயா, அந்த வரைபடத்தப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். அழகா இருக்கு. எங்க ஊர் அகுவாதாஸ்கூட இருக்குதே.”

“தொட்டுப் பார்க்கணும்னு தோணலியா?”

“தோணாம என்ன? வணக்கம் சொன்னேன், யாரும் பதில் சொல்லலியே, தோன்யா. வீட்டுக்காரர் வராம அவங்க மேசையில கைய வெக்கிறது எப்படி?”

“அது எல்லாரும் தொடறதுக்குத்தான் ஐயா.”

“அப்படின்னு உள்ள இருக்கிறவங்க சொல்லணுமில்ல?” என்று சொல்லி, அவர் தம் வண்டியை நோக்கி நடந்தார்.

ஃபனோரி ஜன்னலின் முன் போய் நின்றாள். எங்கள் மலைநாட்டில், கண்ணாடிக்கு இப்பாலும் அப்பாலும் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லாமல் எதையும் தொடங்குவதில்லை. ஜன்னல் என்று ஒன்றைக் கண்டால், அதற்குப் பின்னால் ஓர் ஆள் உண்டு என்று கொள்வது வழக்கம். அவள் அச்சு அசலாக ஒரு ஜன்னலைச் செய்துவிட்டாள். அதற்குள் ஆளை வைக்க மறந்தாள். முதல் முறை சோதித்தபோது அந்த ஆளாக அவளே நின்றிருந்தபடியால், குறை வெளியே தெரியவில்லை. அறுபத்திரண்டு குரல்களுள் ஒன்றுகூட வந்தவருக்கு வணக்கம் சொல்லவில்லை.

புதன்கிழமை மாலைக்குள் பன்னிருவர் வந்து போயிருந்தனர். தொட்டவர் மூவர், முடிவு வரை கேட்டவர் ஒருவர்.

“‘இங்கே தொடவும்’னு ஒரு சீட்டு ஒட்டுங்க, தோன்யா,” என்றாள் யுரானி, கம்பிகளைச் சுருட்டியபடி. “எவ்வளவு நேரமாகும்? அதுகூட மாத்தினதாகும்னாங்கன்னா, சீட்டு தானா வந்து ஒட்டிக்கிச்சுன்னு சொல்லலாம்.”

“ஒட்டினா தொடுவாங்க. ஆனா நல்லா இருக்கீங்களான்னு கேட்ட மனுஷனுக்கு ஒரு சீட்டா பதில்?”

“பின்ன என்ன செய்யணும்ங்கறீங்க?”

“யாராச்சும் கிட்ட வந்து நின்னா அது தெரிஞ்சுக்கணும். அவங்க பேசறவரைக்கும் பொறுத்திருக்கணும். பேசினப்புறம் பதில் சொல்லணும், இப்படி வாங்க, எந்த ஊருன்னு. அவசரப்படாம. அறுபத்திரண்டு பேர்கிட்டயும் மறுபடி போய் வணக்கத்தப் பதிவு பண்ணணும்.”

“அது வேற படைப்பு ஆயிடுமே!”

“ஆமா.”

“பைத்தியமா உங்களுக்கு? வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகிற காரியமா அது?” யுரானி கம்பியைக் கீழே போட்டாள். சட்டைப்பையிலிருந்து பென் டிரைவ் ஒன்றை எடுத்து ஃபனோரியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். “முதல்ல எடுத்த பதினஞ்சும் இதுல இருக்கு. சுத்தமா வெட்டியிருக்கேன். எங்க அம்மா பார்த்தாக்கூடக் கண்டுபிடிக்க மாட்டா, இத்தனைக்கும் அவ கண்ணுலேர்ந்து எதுவும் தப்பாது. டிசம்பர்ல பட்டத்த வாங்குங்க, வேலைய வாங்குங்க, அப்புறம் ஜன்னலுக்கு என்ன வேணா சொல்லிக் குடுங்க.”

வியாழக்கிழமை இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்த ஃபனோரி, அந்தப் பதினைந்தையும் கணினியில் போட்டுப் பார்த்தாள். யுரானியின் வேலை நேர்த்தியாக இருந்தது. ஒலியில்லாத படங்களில் அந்நியர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், புன்னகை செய்தார்கள், நம்பிக்கையோடு கையை நீட்டினார்கள். யாரைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள் என்பது மட்டும் படத்தில் இல்லை. பையும் ஃபோனும் வைத்திருந்த பெண் நெய்ராவைத் தொடும் முன் பக்கவாட்டில் திரும்பித் தலையசைத்தாள். ஃபனோரி அந்த இடத்தை மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு கணினியை மூடினாள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவள் முதுகலை அலுவலகத்துக்குச் சென்றாள். செயலாளர் நுபியோலா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒன்பது கட்டத் தாளை மேசைமேல் விரித்தாள்.

“மாலை வணக்கம், தோன்யா ஃபனோரி. எப்படி இருக்கீங்க? எட்டுக் கட்டமும் நெறஞ்சிருக்கு. ஏழாவது மட்டும் குடுங்க, இப்பவே முத்திரை குத்திடறேன். இந்த வருஷம் உங்கள மாதிரி ஒழுங்கா யாரும் குடுக்கல.”

“மாலை வணக்கம். நல்லா இருக்கேன், தோன்யா நுபியோலா. ஒண்ணு கேக்கணும். சோதிச்ச வடிவத்த மாத்தினா, பாடத்தையெல்லாம் மறுபடி படிக்க வேண்டியிருக்குமா?”

“அதெல்லாம் வேண்டாம். ஏழாவதும் நடுவர் தேதியும் மட்டும் புதுசு. ஆனா டிசம்பர் போயிடும்.” நுபியோலா நிமிர்ந்து பார்த்தாள். “பஸ் டெர்மினல்ல அந்த வேலை பதினஞ்சாம் தேதியோட போகுதுன்னீங்களே?”

“ஆமா. விளம்பரம் குடுப்பாங்க. வேற யாராச்சும் வருவாங்க.”

“யோசிச்சுக்கிட்டுச் சொல்லுங்க. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்.”

“யோசிச்சாச்சு. டிசம்பர் பட்டியல்லேர்ந்து என் பேர எடுத்துடுங்க. நான் ஜூன்ல முடிச்சுக்கறேன்.”