தேவாசீரின் நிழல்

தேவாசீர் இறந்த பிறகும் அவருடைய நிழல் பேருந்து நிறுத்தத்திலேயே நின்றது. அந்த நிறுத்தத்துக்குக் கூரை கிடையாது. முன்பெல்லாம் வெயில் ஏறியதும் ஜனங்கள் மின்கம்பத்தின் ஒல்லி நிழலில் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். அது நகர நகரத் தாங்களும் நகர்வார்கள். இப்போது தேவாசீரின் நிழலில் நின்றார்கள். அது அகலமானது. நகர்வதும் இல்லை.

அவர் மனைவி ஞானப்பூ தினமும் வந்து ஓரமாக நின்று காவல் காத்தாள். நிழலின் தோள்பட்டைப் பக்கம் எப்போதும் கீரைக்காரி செல்லக்கனிதான் நின்றாள். ஞானப்பூவுக்கு அது சரியாகப் படவில்லை.

"எதுக்கு அந்த எடத்துலயே நிக்கே?"

"இங்கதான் மைனி குளுமையா இருக்கு."

"அவுக இருக்கையில நின்னியாக்கும்?"

"அப்ப நீங்கல்லா நின்னிய."

ஒரு நாள் ஜீப்பில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் ஷேட் அதிகாரி, மற்றவர் ஷேடோ அதிகாரி. இங்கிலீஷில் இரண்டாக இருப்பதை நிழல் என்று ஒரே சொல்லில் போட்டு மூடி, இந்த ஊர் வெகுகாலமாக ஏமாற்றி வருவதாகச் சொன்னார்கள்.

"ஷேட்னா வெயிலுக்கு ஒதுங்குற இடம்மா," என்றார் முதலாமவர். "அது பொதுச்சொத்து. எங்க ஆபீஸ் வாசல்ல விரிச்சிடுவோம்."

"ஷேடோன்னா ஒருத்தரோட உருவம்," என்றார் இரண்டாமவர். "அதுக்கு ஆள் வேணும். ஆள் இல்லைன்னா அழிச்சிடுவோம்."

"எது நல்லது சார்?"

"நல்லதெல்லாம் நாங்க பாக்குறதில்லம்மா."

ஞானப்பூ இருவரையும் நம்பவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவருடைய வாயும் அசைந்தது.

ஷேட் அதிகாரி செல்லக்கனியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "வேர்க்கல. ஷேட்தான்."

ஷேடோ அதிகாரி குனிந்து நிழலின் காதோரம் பார்த்தார். "மூக்குக்கண்ணாடி போட்டிருக்கு. ஷேடோதான்."

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். துணி கிழிவதுபோலச் சத்தம் வந்தது.

"விடுங்க. ஆள் இருக்கு," என்றாள் ஞானப்பூ. செருப்பைக் கழற்றிவிட்டு நிழலின் பாதங்களில் தன் பாதங்களைப் பொருத்தி நின்றாள்.

"ஆம்பள நிழலாச்சே."

"எங்க வீட்டு நிழல்."

"கையத் தூக்குங்க."

தூக்கினாள். நிழல் உடனே தூக்கவில்லை. தேவாசீர் எதையும் உடனே செய்கிறவர் அல்ல. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தூக்கியது.

அதிகாரிகளுக்குச் சந்தேகம் தீரவில்லை. பக்கத்தில் கிடந்த இன்னொரு நிழலைக் காட்டினார்கள். சின்னது. பிடரியில் கொண்டை.

"அப்ப இது யாரு?"

"அதுவும் நான்தான்."

"ஒருத்தருக்கு ஒண்ணுதாம்மா."

ஞானப்பூ அதைப் பார்த்தாள். இத்தனை காலமும் அதை நின்று கவனித்ததே இல்லை. "அத எடுத்துக்கிடுங்க," என்றாள்.

பாயைப்போலச் சுருட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். தேவாசீரின் நிழல் இனி ஞானப்பூவோடு போய்விடும். ஜனங்கள் மறுபடி மின்கம்பத்துக்குப் போய் வரிசையில் நின்றார்கள்.

"மைனி, எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியளே," என்றாள் செல்லக்கனி.

ஞானப்பூ வீட்டுக்குக் கிளம்பினாள். தேவாசீரின் நிழல், அவர் உயிரோடு இருந்தபோது போலவே, அவளை விட்டு நாலடி முன்னால் நடந்தது. தெருமுனையில் அது வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அவள் ஒருநாளும் போயிராத ஒரு சந்தில், வெகுநாள் பழகியதைப்போல நுழைந்தது.

"எங்க போறிய?" என்று கேட்டாள்.

நிழல் நிற்கவில்லை. அவள் கால்களும் நிற்கவில்லை.