ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன மெக்கானிக்

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் மூன்றாவது மேஜையில் மட்டும் எட்டு மாதமாகத் தினமும் ஒரே செவ்வாய்க்கிழமை நடந்துகொண்டிருந்தது, அதுவும் பதினோரு வருடத்துக்கு முந்தையது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பொத்தான் அளவு பேட்டரி செத்துப்போனதால் வந்த வினை. காலையில் சுவிட்சைப் போட்டதும் தேதி தவறு என்று திரை சொல்லும். வேறு யாராக இருந்தாலும் திருத்திவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். அந்த மேஜை குமாஸ்தா திருத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் தலைமுடி கறுக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தால் நரைக்கும். அலுவலகத்தில் ஒரு வாரம் இதைப் பேசினார்கள், இடமாறுதல் பட்டியல் வந்ததும் மறந்துபோனார்கள். கைக்குழந்தைகளின் சான்றிதழ்களில் அவை பிறப்பதற்குப் பத்துப் பதினோரு வருடம் முந்தைய தேதி அச்சாவதாகப் புகார் வந்த பிறகுதான் மேலதிகாரி மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மெக்கானிக் ஸ்க்ரூவில் கை வைத்ததும் குமாஸ்தா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பதினோரு மணி வரைக்கும் பொறுங்க தம்பி. என் சம்சாரம் பேசுவா."

மனைவி இறந்துபோனது அந்தச் செவ்வாய்க்கிழமைதான். வீட்டுக் கம்ப்யூட்டர் நீலத் திரையோடு நின்றுவிட்டதென்று காலையில் போன் செய்தவள், சாயங்காலம் பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போகும்போது லாரியில் அடிபட்டாள். அவளுடைய இறப்புச் சான்றிதழை அவரே டைப் அடித்தார். இப்போது தினமும் பதினோரு மணிக்கு அதே அழைப்பு வருகிறது. போகாதே என்று கெஞ்சினார், அதட்டினார். "சொல்லிட்டே இருப்பீங்க, செய்ய மாட்டீங்க" என்று வைத்துவிடுவாள். பிறகு புத்தகம் வாங்கிப் படித்து, போனிலேயே சரிசெய்யப் பார்த்தார். ஒயர்களைக் கழற்றி மாட்டு என்றார், புதிதாகப் போட்ட புரோகிராமை எடுத்துவிடு என்றார், பழைய செட்டிங்குக்குப் போ என்றார். நாளுக்கொன்றாக எட்டு மாதம். ஒன்றும் பலிக்கவில்லை.

அன்றும் போன் அடித்தது. மெக்கானிக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். அவள் குரலுக்குப் பின்னால் டக் டக் என்று ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, போனில் ஆகிற காரியமில்லை. ரிசீவரை வாங்கி, தொழில் பழக்கத்தில், எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்வதையே சொன்னார். "அக்கா, பெட்டியத் தூக்கிட்டு அலையாதீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு நானே வந்துடறேன். வீட்லயே இருங்க."

"ஆறுன்னா ஆறுக்கு வருவீங்களா?"

"வந்துடுவேன்க்கா."

வருவதாகச் சொன்ன மெக்கானிக்குக்காகக் காத்திருப்பவர்கள் அந்த ஊரில் குளிக்கக்கூடப் போவதில்லை.

இனி அவள் வீட்டைவிட்டு இறங்கமாட்டாள் என்று தெரிந்ததும் பேட்டரியை மாற்றச் சொன்னவர் குமாஸ்தாதான். தேதி சரியானது, முடி நரைத்தது, உடனே போன் அடித்தது. "அந்த ஆளு இன்னும் வரலைங்க" என்றாள். இறப்புப் பதிவேட்டில் அவள் பெயர் இருந்த வரி வெறுமையாக இருந்தது.

அன்று ஆறு மணிக்கு மெக்கானிக் சொன்னபடி குமாஸ்தா வீட்டுக்குப் போனார். ஜன்னலில் அவள் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், ஒரு முடிகூட நரைக்கவில்லை, முதுகுக்குப் பின்னால் நீல வெளிச்சம். கேட்டில் நின்ற குமாஸ்தா வேண்டாம் என்று தலையாட்டினார். சரிசெய்துவிட்டால் காத்திருப்பு முடிந்துவிடும், முடிந்தால் என்ன ஆகுமென்று இருவருக்குமே தெரியவில்லை. மெக்கானிக் பயந்துபோய்த் திரும்பினார்.

அதற்கப்புறம் தினமும் பதினோரு மணிக்கு அவள் மெக்கானிக்கின் கடைக்குப் போன் செய்து திட்டுகிறாள். "இன்னைக்குக் கண்டிப்பா வந்துடறேன்க்கா" என்கிறார் அவர். பத்தொன்பது வருடமாயிற்று. ஊரில் அவருக்குப் புளுகன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வெளியூர் போகும் நாட்களில் போனைத் தன் மனைவியிடம் கொடுத்து, சொல்ல வேண்டியதையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறார்.