சக்கரம் நகரும்வரை

கனடாவின் ஃபோர்ட் லசால் விமான நிலையத்தில், விமானத்தின் பிரேக் விடுபட்டுச் சக்கரம் ஓர் அங்குலமாவது நகரும்வரை கேபின் பணியாளர்கள் எவர் கண்ணுக்கும் தெரிய மாட்டார்கள். சக்கரம் நகர்ந்தால் சம்பளம், நின்றால் இல்லை என்பது கம்பெனியின் விதி. மற்ற கம்பெனிகளில் என்ன நடந்தது என்பது நமக்கு வேண்டாத கதை. பயணிகளை வரவேற்பது, தலைக்கு மேலுள்ள பெட்டிக்குள் நுழையாத பெட்டியை நுழைப்பது, குழந்தை கழற்றி எறிந்த காலணியை இருக்கைக்கு அடியில் தவழ்ந்து தேடுவது, தாமதத்துக்குத் திட்டு வாங்குவது எல்லாம் சக்கரம் நிற்கும்போது நடப்பதால், அவை வேலையே அல்ல என்று கம்பெனி முடிவு செய்திருந்தது. கணக்கில் வராத அந்த நேரத்தில் அவர்களுடைய உடம்பும் கணக்கில் வராமல் போனது. முதலில் விரல் நுனிகள் மங்கின, பிறகு முழங்கை, ஒரு பிப்ரவரியில் ரோசலிண்ட் ட்காசுக் என்ற மூத்த பணிப்பெண் சீருடையோடு முழுதாக மறைந்தாள். விமானம் நகரத் தொடங்கியதும் நடைபாதையில் தேநீர் வண்டியோடு நின்றிருந்தாள், எதுவுமே நடக்காதது போல.

இதைப் பல ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை என்றால், அதற்குக் காரணம் எங்கள் ஊர்க்காரர்களின் நல்ல வளர்ப்பு. நாங்கள் எதில் இடித்துக்கொண்டாலும் சாரி சொல்கிறவர்கள். கதவிடம் சொல்வோம், தபால் பெட்டியிடம் சொல்வோம், காரை மூடிய பனிக்குவியலிடமும் சொல்வோம். விமானத்துக்குள் வெறும் காற்றில் தோள் இடித்தால் பயணி சாரி என்பார், காற்றும் பரவாயில்லை சார் என்று பதில் சொல்லும், அவர் தன் இருக்கையைத் தேடிப் போய்விடுவார். மன்னிப்புக் கேட்டபின் யாரிடம் கேட்டோம் என்று திரும்பிப் பார்ப்பது எங்கள் பழக்கத்தில் இல்லை. இவ்வளவு மரியாதையான மக்களை ஏமாற்ற ஒரு கம்பெனிக்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை, இருக்கிற மூளையே போதுமானதாக இருந்தது.

இதற்கிடையில் விமான நிலையம் வளர்ந்தது. ஆண்டுதோறும் வசந்தத்தில் பனி உருகும்போது கட்டடத்தின் கிழக்கு முனையில் புதிதாக இரண்டு மூன்று வாயில்கள் முளைத்திருக்கும், கண்ணாடி, கம்பளம், எவர் முதுகுக்கும் ஒத்துவராத நாற்காலிகள் எல்லாவற்றோடும். கட்டியவர் யார் என்று எவருக்கும் தெரியாது. விமான நிலையத் தலைவர் வெண்டல் ஆஷ்க்ராஃப்ட் அதைத் தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. அவர் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் வைத்திருந்தார். ஏதாவது முளைத்தால் ரிப்பன் வெட்டுவார், தொலைநோக்கு என்ற சொல்லை மூன்று முறையாவது சொல்வார், பயணச்சீட்டில் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றுவார். கட்டடம் நீள நீள விமானங்கள் வாயிலில் காத்து நிற்கும் நேரமும் நீண்டது, பணியாளர்கள் மறைந்திருக்கும் நேரமும் நீண்டது. நேரம் கூடக் கூட அடுத்த வசந்தத்தில் முளைக்கும் வாயில்களும் கூடின. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க ஆஷ்க்ராஃப்டிடம் சம்பளம் வாங்குகிற ஒருவருக்கும் தைரியம் இல்லை.

முடிச்சுப் போட்டவள் ஒடீல் ப்ரெஃபோன்டேன். முப்பது வருடம் பறந்தவள், உள்ளூர்ச் சங்கத்தின் தலைவி. அவள் கணவன் டாரல் ஹ்ரிஷ்கோ, அதே நிலையத்தில் விமானங்களின் இறக்கையில் உறையும் பனியை மருந்து பீய்ச்சிக் கரைக்கிற வண்டியை ஓட்டினான். அவனுக்கு மணிக்கணக்கில் சம்பளம், ஆகவே எந்த நேரமும் முழுசாகத் தெரிந்தான், தொப்பை உட்பட. ஒடீல் வீட்டுக்கு வந்தால் தெரிவாள். பறந்து வந்த சூடு சில நாள் உடம்பில் தங்கும். விடுமுறை நீண்டால் மங்கத் தொடங்குவாள், மறுபடி பறந்தால் சரியாகிவிடும். ஆனால் ஓய்வு பெற்றவர்களுக்கு மறுபடி பறப்பது என்பது இல்லை. ரோசலிண்ட் ஓய்வு பெற்ற பத்தாம் நாள் மறைந்தாள், அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு விளையாடும் கர்லிங் அரங்கில் ஒரு துடைப்பம் தானாகப் பனியைத் தேய்த்துக்கொண்டு போனால் ரோசலிண்ட் விளையாட வந்திருக்கிறாள் என்று அர்த்தம். ஒடீலுக்கு ஓய்வு அடுத்த வசந்தத்தில். அதற்குள், நிற்கும் நேரமும் வேலை நேரம்தான் என்று கம்பெனி கையெழுத்துப் போடாவிட்டால் அவளும் அவ்வளவுதான்.

“ரோசலிண்ட் வீட்டுக்காரனப் பாத்தியா? உக்கார்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு நாற்காலியா தடவிப் பாக்குறான்,” என்றான் டாரல், பெரோகிக் கொழுக்கட்டையை வெங்காயத்தோடு வதக்கிக்கொண்டே. “எனக்கு அந்தக் கதி வேணாம், ஒடீல்.”

“உனக்கா கதி? காணாமப் போகப்போறவ நானு.”

“காணாமப் போறவளுக்குத் தான் எங்க இருக்கோம்னு தெரியும். தேடுறவனுக்குத்தான் பாடு.”

ஒடீலுக்குப் பயமாகத்தான் இருந்தது. அதை அவனிடம் காட்டவில்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் புளிப்பு க்ரீம் போடச் சொன்னாள்.

அந்த அக்டோபரில் பேச்சுவார்த்தை தொடங்கியது. கம்பெனியின் சார்பில் துணைத் தலைவர் கிரெகரி விட்மோர் டொரோன்டோவிலிருந்து மெல்லிய தோல் ஷூ போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் ஊர்க் குளிருக்கு அப்படி வருகிறவனை நாங்கள் பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்ப்போம். விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டலில், காபியும் பட்டர் டார்ட் என்ற எங்கள் ஊர் இனிப்பும் வைத்த நீள மேசைக்கு ஒரு பக்கம் அவரும் வக்கீல்களும், மறுபக்கம் ஒடீலும் சங்கத்து ஆட்களும் உட்கார்ந்தார்கள்.

“விமானம் நிக்கும்போது நீங்க வேலை செய்யல மேடம். சும்மா அங்க இருக்கீங்க, அவ்வளவுதான்,” என்றார் விட்மோர்.

“இருக்கோம்னு ஒத்துக்கிறீங்கல்ல? அப்ப ஏன் சார் எங்களக் காணோம்?”

“அது உடல்நலம் சம்பந்தப்பட்டது. அதுக்குத் தனிக் கமிட்டி இருக்கு.”

“உங்க கட்டடம் எங்க நேரத்தத் தின்னுதான் வளருது. இந்த வருஷம் மட்டும் மூணு வாயில். மருந்தா சாப்பிட்டு வளந்துச்சு?”

“கட்டடம் விமான நிலையத்தோடது. எங்க கம்பெனிக்கு அதுல சம்பந்தமே இல்ல,” என்றார் விட்மோர், ஆஷ்க்ராஃப்ட் கொடுத்த பேனாவால் எழுதிக்கொண்டே.

பேச்சு இழுத்தது. பேசுகிறவர்கள் பறக்கவில்லை, பறக்காததால் மங்கினார்கள். நவம்பர் நடுவில் மேசையின் ஒரு பக்கம் முழுவதும் வெறும் நாற்காலிகள்தான் தெரிந்தன. விட்மோருக்கு இது பெரிய கொண்டாட்டம். எதிர்த்தரப்பு வராததால் கூட்டத்தை ஒத்திவைப்பதாகக் குறிப்பு எழுதச் சொன்னார். அப்போது அவர் தட்டிலிருந்த பட்டர் டார்ட் மேலெழுந்து, பாதி காணாமல் போனது.

“யோவ், இங்கதான் இருக்கேன். நல்லா இருக்குயா இது, இன்னொண்ணு எடுத்துக்கவா?” என்றது ஒடீலின் குரல்.

விட்மோர் காற்றைப் பார்த்து சாரி என்றார், கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற அந்தக் கலையில் டொரோன்டோக்காரர்களும் எங்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல.

டிசம்பரில் வேலைநிறுத்தம். பேச்சு முறிந்து ஓட்டல் அறை காலியான ஒரு வாரத்தில், ஒட்டாவாவில் ஒரு மந்திரி தேச நலனைக் கண்டுபிடித்தார். அத்தனை வருடம் பணியாளர்கள் மறைந்துகொண்டிருந்தபோது அந்த நலன் எங்கே தூங்கியது என்று தெரியாது, ஆனால் விமானங்கள் நின்றதும் விழித்துக்கொண்டது. வேலைநிறுத்தக்காரர்கள் வாசலில் கொளுத்திய தீயில் குளிர்காய்ந்து முடிப்பதற்குள், எல்லோரும் உடனே வேலைக்குத் திரும்பவேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. ஒடீல் அதை உரக்க வாசித்தாள். பிறகு சொன்னாள்: “திரும்புவோம். உத்தரவ மீற வேணாம். ஆனா சக்கரம் நிக்கிற நேரம் நம்ம நேரம். அந்த நேரத்துல எதுக்கு வாயத் தொறக்கணும்?”

அதுவரை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குக் கேட்டார்கள். போன்ஷூர், ஹலோ, இருக்கை பின்வரிசையில சார் என்று காற்று பேசிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை. விமானத்தில் போதுமான பணியாளர்கள் இருப்பதை உறுதி செய்யாமல் பயணிகளை ஏற்றவோ பிரேக்கை விடவோ கூடாது என்பது அரசின் விதி. கேப்டன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பதில் இல்லை. ஆட்கள் வந்திருந்தார்கள், உத்தரவுக்குப் பணிந்து தத்தம் இடத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் சக்கரம் நகர்ந்தால்தான் அவர்கள் தெரிவார்கள், அவர்கள் தெரிந்தால்தான் சக்கரம் நகரலாம். வரவில்லை என்று தண்டிக்கவும் வழியில்லை, வந்தார்கள் என்று புறப்படவும் வழியில்லை. மந்திரி இன்னொரு உத்தரவு போட்டார், எல்லோரும் உடனே கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று. அதற்கு எந்தப் பலனும் இல்லை.

கம்பெனி அப்போது கையெழுத்துப் போட்டிருக்கலாம். சின்னப் பிள்ளைக்குக்கூட அது தோன்றியிருக்கும். விட்மோருக்குத் தோன்றியது வேறு. நிற்காமல் இருந்தால் பிரச்சினையே இல்லையே, காலி விமானத்தை வண்டி கட்டி இழுக்க விதியில் தடையும் இல்லையே என்றார். அன்று முதல் இழுவை வண்டிகள் விமானங்களைக் கயிறு கட்டிய மாடு மாதிரி ஓடுதளத்துக்கு வெளியே வட்டமாகச் சுற்றி இழுத்தன. பணியாளர்கள் உள்ளே பளிச்சென்று தெரிந்தார்கள். பயணிகள் பெட்டியும் கையுமாகப் பனியில் பின்னால் ஓடி, சக்கரம் வைத்த படிக்கட்டைப் பிடித்து ஏறினார்கள். வழுக்கி விழுந்தவர்கள் பனியிடம் சாரி சொன்னார்கள். டாரல் தன் வண்டியில் மருந்தைப் பீய்ச்சிக்கொண்டு விமானங்களைத் துரத்தினான், மருந்தில் பாதி பயணிகள்மேல் விழுந்தது. ஆஷ்க்ராஃப்ட், சுற்றுவதற்கென்றே ஒரு புதிய வட்டத்தளம் அமைக்கப்போவதாக அறிவித்து, இல்லாத தளத்துக்கு ரிப்பன் வெட்டினார். இதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாடு எங்களைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும், நாங்களும் அதற்குத் தகுதியானவர்கள்தான், இத்தனைக்கும் பிறகு ஒரு பயணிகூடப் புகார் எழுதவில்லை.

சுற்றுகிற நேரம் முழுவதும் பிரேக் விடுபட்டிருப்பதால் முழுச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைக் கம்பெனி கண்டுபிடிக்கப் பிப்ரவரி ஆகிவிட்டது. விட்மோர் அதே தோல் ஷூவோடு, ஒரு கால்விரல் உறைபனியில் கறுத்துப்போய், மேசைக்குத் திரும்பி வந்தார். நிற்கும் நேரத்துக்கும் சம்பளம் உண்டு, ஆனால் பாதி என்றார். ஒடீல் முடியாது என்றாள். பாதி வேலையா செய்கிறோம், பெட்டியைப் பாதி தூக்கி நடுவில் விட்டுவிடுகிறோமா என்று கேட்டாள். ஆனால் சங்கத்தில் எல்லோரும் களைத்திருந்தார்கள், குளிர்காலம் நீளமானது, வீட்டுக் கடன் அதைவிட நீளமானது. ஓட்டெடுப்பில் பாதி ஜெயித்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாதியையும் வரலாறு காணாத தாராளம் என்று அறிக்கை விட்ட கம்பெனியைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, அதை அச்சில் போட மாட்டார்கள்.

மறுநாளே பணியாளர்கள் பாதியாகத் தெரியத் தொடங்கினார்கள். இடுப்புக்கு மேல் கீழ் என்றில்லை, உடம்பு முழுவதும் பாதி. சக்கரம் நிற்கும்போது ஒருத்தியின் ஊடாக இருக்கை எண்ணைப் படிக்கலாம், அவள் முகத்தையும் பார்க்கலாம். பயணிகளுக்கு இது வசதியாக இருந்தது, சாரி சொல்லும்போது முகம் பார்த்துச் சொன்னார்கள். ரோசலிண்டுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை, ஒப்பந்தம் பழையவர்களைச் சேர்க்கவில்லை. அந்த வசந்தத்தில் பனி உருகியபோது ஒரே ஒரு வாயில்தான் முளைத்திருந்தது, அதுவும் பாதி உயரத்துக்கு. பயணிகள் குனிந்து போகவேண்டும். ஆஷ்க்ராஃப்ட் மண்டியிட்டு ரிப்பன் வெட்டினார், தொலைநோக்கு என்றார், அப்படியே தலையை நிலையில் இடித்துக்கொண்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஒடீலின் கடைசி விமானம் மொன்ரியாலிலிருந்து வந்து அந்தக் குட்டை வாயிலில்தான் நின்றது. குனிந்து வெளியே வந்தவள் நிமிர்ந்தபோது, அவள் ஊடாகத் தாமதமான விமானங்களின் பலகை டாரலுக்குத் தெரிந்தது. பத்து நாள் அவன் நாளெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், பறந்த சூடு ஆறும்வரை. ஆறிய பிறகும் அவள் அந்தப் பாதியோடு சமையலறையில் நின்றாள்.

“பகல்ல தெரியற,” என்றான் டாரல். “இருட்டினா கொஞ்சம் கஷ்டம்தான்.”

“அப்ப லைட்டப் போடேன், அழுதுகிட்டு நிக்காம.”

போட்டான். இப்போது குளிர்காலத்தில் எங்கள் தெருவில் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது, மூன்றரைக்கே ஹ்ரிஷ்கோ வீட்டில் எல்லா அறையிலும் விளக்கு எரிகிறது. பக்கத்து வீடு ரோசலிண்டுடையது. அங்கே அவள் கணவர் இன்னும் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.