காவிக்குறி போட்ட வீடு

ராஜமாணிக்கத்துக்கு வாரத்தில் ஆறு நாள் கொசுவைக் கொல்கிற வேலை. ஏழாம் நாள் பிள்ளைகளுக்கு வேதக்கதை சொல்கிற வேலை. முதலாவதற்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதில்தான் மனிதருக்குக் கர்வம் அதிகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பலேறி வந்து, மலேரியா மருந்தடிக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரியாகி, பெரார்கஞ்சைச் சுற்றிக் காட்டைத் திருத்திக் குடியேறிய ஊர்களிலெல்லாம் நடையாய் நடந்தவர். தமிழ்ப் பிள்ளைகள் மருந்தின் பெயரைச் சேர்த்து அவரை ‘டீடீட்டி மாஸ்டர்’ என்பார்கள். வங்காளிப் பிள்ளைகளும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

ஞாயிறு வகுப்பு, தகரக்கூரை போட்ட சின்னக் கோயிலில் நடக்கும். வருகிறவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவப் பிள்ளைகளே இல்லை. கதை முடிந்ததும் ஆளுக்கொரு துண்டு வெல்லம் கிடைக்குமே, அதற்காக வருகிறவர்கள். ரோட்டு கான்ட்ராக்டரிடம் கல் உடைக்கிற சொக்கலிங்கத்தின் மகள் இந்திராணியும் அப்படித்தான் வந்தாள். ஆனால் வெல்லத்தை அங்கேயே தின்னமாட்டாள். பாவாடை முனையில் முடிந்துகொண்டு போவாள். அண்ணன் கண்ணையாவுக்கு. பன்னிரண்டு வயதிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டவனுக்கு வகுப்பேது, வெல்லமேது?

ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் மருந்தடித்து முடிக்க வேண்டிய நேரமும் அதுதான். அடிக்கிறதற்கு ஒரு முறை உண்டு. ஒரு வீட்டுச் சுவரெல்லாம் மருந்தடித்து முடித்ததும் வாசல் நிலைக்கு மேலே காவிக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு உள்ளே ஒரு கோடு இழுப்பார்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் குறி கிடையாது. அப்புறம் திரும்பி வந்து, குறி இல்லாத வீடுகளை மட்டும் தேடி அடிப்பார்கள். அந்தச் சனிக்கிழமை தெருவில் பூட்டிக் கிடந்த வீடுகளில் சொக்கலிங்கம் வீடும் ஒன்று. அவன் மனைவி தங்கம் பல்லைப் பிடுங்க இந்திராணியோடு போர்ட் பிளேர் போயிருந்தாள். அப்பனும் மகனும் கல் உடைக்கப் போயிருந்தார்கள்.

மறுநாள் வகுப்பில் பஸ்கா கதை. ராஜமாணிக்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பிள்ளையளா, எகிப்து தேசத்துல அன்னைக்கு ராத்திரி சாவு வீடு வீடா வருது. வீட்டுக்கு வீடு மூத்த பிள்ளையத் தேடி வருது. அடிமைப்பட்டுக் கிடந்த சனங்களுக்கு மட்டும் ஆண்டவர் ஒரு வழி சொல்லுதாரு. ஆட்டுக்குட்டிய அடிச்சு அந்த ரத்தத்த வாசல்ல பூசு. நிலைக்கு மேல ஒண்ணு, ரெண்டு பக்க நிலைக்கால்லயும் ஒவ்வொண்ணு. அதப் பாத்தா சாவக் கொண்டுவார தூதர் உள்ள வரமாட்டாரு.”

பிள்ளைகளுக்கு விளங்கவில்லையோ என்று ஒரு உதாரணமும் கொடுத்தார். “உங்க வீட்டு நிலையில நாங்க காவி போடுதோம்லா? அதப் பாத்துட்டு, ‘ஹோ கயா, ஆகே சலோ’, முடிஞ்சுது, மேல நடன்னு அடுத்த வீட்டுக்குப் போயிருவோம்லா? அதே மாதிரி.”

யாரும் சிரிக்கவில்லை. இந்திராணி மட்டும் எழுந்தாள்.

“சார், குறி இல்லாத வீட்டுல?”

“மூத்த பிள்ளை போச்சு.”

“வேலைக்குப் போற புள்ளையா இருந்தாலுமா சார்?”

“எவனா இருந்தா என்ன? மூத்ததுன்னா மூத்ததுதான்.”

கதை அதோடு முடிவதில்லை. அந்த ஆட்டுக்குட்டி யாருக்கு அடையாளம், எல்லாருக்குமாகச் சிலுவையில் ஒரே தரம் சிந்தின ரத்தம் யாருடையது, இனி எந்த வாசலுக்கும் எந்தக் குறியும் வேண்டாம் என்பது எப்படி? இதைச் சொல்லத்தான் அவருடைய சபையில் பிள்ளைகளுக்கு அந்தக் கதையையே எடுப்பது. சொல்ல நேரமும் இருந்தது. ஆனால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்க்க அவருக்கு ருசியாக இருந்தது. மீதியை ஈஸ்டருக்கு வைத்துக்கொண்டார். பயந்த பிள்ளை அடுத்த வாரம் தவறாமல் வரும் என்பது அவர் நினைப்பு. பாவி மனிதர், பாதிக் கதையோடு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்.

திங்கட்கிழமை மிச்ச வீடுகளுக்காகக் கூட்டம் மறுபடி வந்தது. சொக்கலிங்கம் வீட்டுக்கு எதிரே, தெருவில் நின்றபடியே ராஜமாணிக்கம் அண்ணாந்து பார்த்தார். நிலைக்கு மேலே வட்டம், உள்ளே கோடு. நம் ஆட்களில் யாரோ முடித்துவிட்டான் என்று எண்ணிக்கொண்டார். வாசலில் உட்கார்ந்திருந்த இந்திராணி அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

“ஹோ கயா. ஆகே சலோ” என்றார். பம்பு தூக்கியவர்கள் அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள்.

அந்த வாரமே கூட்டத்தைப் படகேற்றி வேறு தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஈஸ்டர் அங்கேயே கழிந்தது. அவர் திரும்பி வந்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. வந்த மறுநாள் காலையில் சொக்கலிங்கத்தின் பக்கத்து வீட்டுப் பழனிசாமி சேற்றில் ஓடிவந்தான். “மாஸ்டர், சொக்கலிங்கம் மவனுக்குப் புகார், காச்சல் நெருப்பாக் கொதிக்குது. ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. மாத்திர எடுத்துக்கிட்டு வாங்க.”

மாத்திரையோடு ஓடினார். தெருமுனையிலேயே தங்கத்தின் ஓலம் கேட்டுவிட்டது.

வாசலுக்கு வந்தவர் உள்ளே போக மறந்து நின்றார். நிலைக்கு மேலே வட்டம், அது சரி. வலது நிலைக்காலில் ஒரு வட்டம். இடது நிலைக்காலில் ஒரு வட்டம். எந்த மலேரியாக்காரனும் மூன்று இடத்தில் குறி போடமாட்டான். உள்ளே எட்டிப் பார்த்தார். மருந்து காய்ந்தால் மூங்கில் சுவரில் வெள்ளையாகப் படிந்திருக்கும். ஒரு பொட்டு வெள்ளை இல்லை. இந்த வீட்டுக்குக் குறி போட்டது யார், ஏன் போட்டது, குறியைப் பார்த்துவிட்டுக் கடந்து போனது யார் என்பதெல்லாம் அந்த நிமிடமே விளங்கிவிட்டது.

சொக்கலிங்கம் எழுந்து வந்தான். கண்ணில் ஈரமில்லை.

“குறி இருக்கு. செவுத்துல மருந்தே இல்லைங்கறான் பழனிசாமி. நாங்க இல்லாதப்ப எவன் மாஸ்டர் இந்தக் குறியப் போட்டது?”

தங்கத்தின் முதுகுக்குப் பின்னால் இந்திராணி நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்துவிட்டாள். இன்னும் ஒரு மூச்சு விட்டால் சொல்லிவிடுவாள். சொன்னால் அப்பன் கை சும்மா இருக்காது. அப்பன் அடிப்பதாவது ஒரு நாளில் ஆறும். அண்ணனைக் கொன்றவள் என்று அந்தத் தெரு அவளுக்கு ஒட்டப்போகும் பெயர் ஆயுசுக்கும் ஆறாது.

“நான்தான்” என்றார் ராஜமாணிக்கம். “மருந்து அடிக்காமலே போட்டேன். சோம்பேறித்தனம்.”

சொக்கலிங்கம் அறைந்ததில் அவர் மழையில் போய் விழுந்தார். யாரும் தூக்கவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரியிடமும் அதையே சொன்னார். பொய் சொல்லாதே என்று ஞாயிறுதோறும் பாடம் எடுத்தவர், தயங்காமல் சொன்னார். வேலை போயிற்று. கோயிலிலும் இனி வகுப்பெடுக்க வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மெயின்லேண்ட் கப்பலுக்குப் புறப்படுகிற அன்று, வகுப்பில் கிடந்த வெல்ல டப்பாவை எடுக்கக் கோயிலுக்குப் போனார். இந்திராணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“குறிய நான்தான சார் போட்டேன்?”

“தெரியும்மா.”

“ரத்தம் கெடைக்கல. அம்மா கோலத்துக்கு வச்சிருந்த காவியக் கரைச்சுப் போட்டேன். அதான் தூதரு ஏமாறல. இல்ல சார்?”

அவர் அவள் முன்னால் மண்டியிட்டார். மிச்சம் வைத்திருந்த கதையைச் சொன்னார். எத்தனையோ முறை அழகாகச் சொன்ன கதை அன்று வாயில் வரவில்லை. முன்னும் பின்னுமாக உளறினார். “குறியில ஒண்ணுமே இல்லம்மா. எந்த வீட்டுக்கும் வேண்டாம். அண்ணன் போனதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றார். இது இரண்டாவது பொய். இதைச் சொல்லத்தான் அவர் தயங்கினார்.

அவள் யோசித்தாள். படிக்கிற பிள்ளை, எதையும் சரிபார்க்காமல் விடமாட்டாள்.

“நான் வாசல்லயே உக்காந்து காவல் இருந்தேன் சார். தூதரு வரவே இல்ல. மறுநாள் நீங்க வந்தீங்க. அண்ணாந்து குறியப் பாத்தீங்க. உள்ள வராமப் போயிட்டீங்க. வேற யாருமே வரல.”

இன்றைக்கு அவளுக்கு அது வெறும் தகவல். இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் தானே விளங்கிக்கொள்வாள். அப்போது அவர் பக்கத்தில் இருக்கமாட்டார். ராஜமாணிக்கம் அழுதார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் டப்பாவைத் திறந்து ஒரு வெல்லத்துண்டை அவள் கையில் வைத்தார்.

அவள் அதை வாங்கி, பாவாடை முனையை இழுத்து, எப்போதும்போல் முடிந்தாள். முடிந்த பிறகுதான் யாருக்கு என்று நினைவு வந்தது.