தாழ்போட்டிருந்த தரவுக் கோப்பு

என் இரண்டு கண் மேல் ஆணை. கண்ணாடி மேலும் ஆணை. இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

என் மகள் வளர்மதிக்கு வரன் தேட நானே ஓர் இணையப் பக்கம் செய்தேன். அதற்கான கணினி நிரலில் பாதி புத்தகத்தைப் பார்த்து எழுதியது. மீதி என் சொந்தத் திறமை. பிழை வந்ததெல்லாம் மீதியில்தான்.

பொள்ளாச்சி மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தைத் திறந்தபோது வளர்மதியின் படம் வரவில்லை. ‘தரவுக் கோப்புடன் இணைக்க முடியவில்லை’ என்று வந்தது. மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்.

“பொண்ணு பேரு கொஞ்சம் நீளமுங்களே?”

“அது பேரு இல்லீங்க. பிழை.”

“சோத்துக்கு உக்காரப் போறோம். கை கழுவறதுக்குள்ள பொண்ணு தெரியோணும். இல்லீன்னா உடுமலையில வேற எடம் பாத்துக்கறோமுங்க.”

நிரலில் கோப்புக்குப் போகும் பாதையைப் பார்த்தேன். இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே என்று பொருள். நான் கோலத்துக்கு வைப்பதுபோல் வரிசையாக வைத்திருந்தேன். ஆகவே மாடிக்கு மேல் மாடியாக ஏறினேன். எங்கள் வீட்டுக்கு மாடி இல்லை. உச்சியில் கோப்பு இருந்தது. உள்ளே தாழ் போட்டிருந்தது.

தட்டினேன்.

“யாரு?”

“நான்தான்.”

“எந்த நான்தான்? உள்ள வந்தவங்க பூராவும் அதையேதான் சொன்னாங்க.”

கோப்புக் காவலர் சென்னியப்பன் கதவை ஒரு விரற்கடை திறந்தார். அவருக்குப் பின்னால் கும்பலாக நான். சரியாக வருகிறதா என்று பக்கத்தைத் திறந்து பார்த்த ஒவ்வொரு தடவையும் உள்ளே போன நான். எல்லோரும் செருப்பை மாட்டிய பின்னும் நின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இவங்க ஏனுங்க கெளம்பல?”

“உங்க நிரல்ல கடைசி வரி என்னங்க?”

“போயிட்டு வர்றேனுங்க.”

“வர்றேன்னு சொன்னவங்க எடத்த இன்னொருத்தருக்குக் குடுக்க முடியுமுங்களா? இணைப்பு மூடோணும்னா ‘போறேன்’னு சொல்லோணும்.”

“கல்யாண விசயமுங்க. அபசகுனம்.”

“அப்பச் சரி. பொள்ளாச்சியில மோர் ஊத்திட்டாங்க.”

உள்ளே இருந்தவர்களிடம் கெஞ்சினேன். ஒருவரும் அந்த வார்த்தையைச் சொல்லச் சம்மதிக்கவில்லை. அப்போதுதான் என்னோடு பேசுவது மற்றவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. ஒருவர், “உனக்கு எதுக்குடா இந்த வேலை?” என்றுகூடக் கேட்டார். குரல் என்னுடையது. நியாயமும் அவர் பக்கம்.

கண்ணை மூடிக்கொண்டு நானே சொன்னேன்.

“போறேன்.”

எல்லோரும் போனார்கள். ஒருவர் என் செருப்பையும் போட்டுக்கொண்டு போனார். எப்படியும் அவருடையதுதான். கோப்பு திறந்தது. போன் அடித்தது.

“பொண்ணு பிடிச்சுப் போச்சுங்க, சம்பந்தி! மூக்கும் முழியும் அப்படியே உங்களாட்டவே.”

வளர்மதி என் காதருகே வந்தாள்.

“சரின்னு மட்டும் சொல்லிட்டு வைங்கப்பா. வேற எதையும் தொடாதீங்க.”

“சரிங்க” என்றேன். தையில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது.

நான் கட்டைப் பிரம்மச்சாரி.