இரண்டு கோடுகள் உள்ள விடைத்தாள்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: என் அண்ணி எழுதிய கணிதத் தேர்வின் விடைத்தாள் நகலிலிருந்து. பதினான்காம் வினா. x(x − 3)² என்ற பல்லுறுப்புக்கோவையின் முக்கியப் பண்புகளைக் குறித்து, வரைபடம் வரைக. எட்டு மதிப்பெண்.

இலக்கிய விமர்சனத்தில் ஆய்வு செய்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தத் தாளில் ஒரே வினாவுக்கு இரண்டு வளைகோடுகள் இருக்கின்றன. ஒன்று அழிக்கப்பட்டது, ஆனாலும் தெரிகிறது. எழுதித் திருத்திய பிரதி எதுவாயினும் அது என் துறைதான்.

2.

தொடக்கத்தின் முதல் வரைவு: "ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் வெட்டு மேசையருகே பன்னிரண்டு ஆண்டுகள் நின்ற அவளுடைய கால்கள், துயரத்தின் இரு தூண்களாக" [வேண்டாம். அண்ணி படித்தால் சிரிப்பார்.]

படித்தார். சிரித்தார்.

"தூணா? முட்டி வலிக்குதுன்னு எழுதினா போதாதா தம்பி?"

போதும். அண்ணிக்கு முட்டி வலிக்கிறது. உட்கார்ந்து செய்யும் வேலை, துணி வெட்டுவதற்கான அளவுப்படிவங்களை வரையும் பிரிவில் இருக்கிறது. அங்கே போகத் தொழில்நுட்பச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு இந்தக் கணிதத் தாள் ஒன்றுதான் பாக்கி. தாளில் தேற, பதினான்காம் வினாவில் ஆறு மதிப்பெண் கிடைத்தாக வேண்டும்.

3.

அவர் பிழையின்றித்தான் தொடங்கினார். வரைபடம் x அச்சைச் சந்திக்கும் இடங்கள் 0, 3. பூச்சியத்தில் காரணி ஒருமுறை வருவதால் கோடு அச்சை வெட்டிச் செல்லும். மூன்றில் இருமுறை வருவதால் தொட்டுத் திரும்பும். இடது முனை கீழே போகும், வலது முனை மேலே போகும். எல்லாம் எழுதியிருக்கிறார்.

எஞ்சியது இடையிலுள்ள மேடு. அங்கேதான் கணக்கு எழுத வந்தவர் துணி வெட்டுபவராகிவிட்டார். மேட்டின் இடது பாதியை வரைந்து, தாளை 0க்கும் 3க்கும் நடுவே, ஒன்றரையில் மடித்து, வெளிச்சத்தில் பிடித்து, மறு பாதியை அப்படியே ஒற்றி எடுத்தார். மடிப்புத் தடம் நகலிலும் விழுந்திருக்கிறது.

"சட்டை முன்பக்கத்துக்கு அப்படித்தானே பண்ணுவோம்? கை தானா மடிச்சிருச்சு."

"தப்புன்னு எப்போ தெரிஞ்சுது அண்ணி?"

"மூணுல வந்து கோடு குத்திக்கிட்டு நின்னுச்சு. கை சேர்க்கிற கைக்குழியில இப்படி மூலை விட்டா சட்டை அக்குள்ல பிடிக்கும்ல? உடனே xக்கு ஒண்ணைப் போட்டுப் பார்த்தேன், நாலு வந்துச்சு. ஒன்றரையைப் போட்டா மூணரைகூடத் தேறல. அப்போ உச்சி எப்படி ஒன்றரையில இருக்கும்?"

"அதை ஏன் தாள்ல எழுதல?"

"மணி அடிக்கப் போறாங்க. கோட்டைத் திருத்துறதா, உனக்குக் கடிதம் எழுதுறதா?"

கோட்டைத் திருத்தினார்.

[பக்க ஓரத்தில் எழுத நினைத்தது: பல்லுறுப்புக்கோவையின் வரைபடத்தில் கூர்முனை வராது. அது அச்சைச் சந்திக்கும் இரண்டு இடங்களுக்குச் சரிநடுவில் உச்சி அமைவது இருபடிக்கோவைக்குத்தான் உறுதி, இது முப்படி. உண்மையான உச்சி x = 1இல், உயரம் 4. அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அண்ணியின் அடர்ந்த கோடு ஒரு மயிரிழை தள்ளி அங்கேயே நிற்கிறது.]

4.

முதல் மதிப்பீட்டாளர் ஏழு கொடுத்தார். ஓரக்குறிப்பு: "திருத்திய கோடு சரி." இரண்டாமவர் மூன்று கொடுத்தார். "இரண்டு கோடுகள். உச்சியின் இடம் எப்படிக் கிடைத்தது? வழிமுறை எங்கே?" சராசரி ஐந்து. ஒன்று குறைகிறது. ஆனால் வேறுபாடு மூன்றுக்கு மேல் போனால் தாள் மூன்றாமவரிடம் போகும். அவர் போடுவதே இறுதி.

இரண்டாமவரைக் கொடியவராக்க முயன்றேன். "மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இரக்கமற்ற அந்தக்" [நிறுத்திக்கொள்கிறேன். இந்தப் பாத்திரத்தை நானே நம்பவில்லை.] அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஓர் ஆய்வேட்டைப் படித்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன்: முடிவு சரி, சான்று எங்கே?

ஆனால் இரண்டு கோடுகள் என்று அவர் எண்ணியதை மறுக்கிறேன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அழித்த வரி எழுதியவரின் கூற்று அல்ல. அவர் அதைப் படித்தார், மறுத்தார் என்பதற்கான தடம். மேலே நான் முறித்துப் போட்ட வாக்கியங்களை என் கருத்துகள் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை அல்லவா?

5.

முடிவுகள் எழுதினேன். முதலாவதில் மூன்றாம் மதிப்பீட்டாளர் ஒரு தையற்காரரின் மகள். மடிப்பைக் கண்டதும் கண்கலங்கி எட்டுக்கு எட்டு போடுகிறார். இரண்டாவதில் அண்ணி தோற்று, வெட்டு மேசைக்கே திரும்பி, புன்னகைக்கிறார்.

"யாரு, நானா புன்னகைக்கிறேன்?" என்றார் அண்ணி. "தோத்துட்டு?"

அண்ணன் வாசற்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "கதைதானேடா. நீ கொடுக்கிற மார்க்குக்கு யாரு கணக்குக் கேட்கப் போறா? எட்டையும் போட்டுவிடேன்."

"ஆமாங்க, போடச் சொல்லுங்க. அந்தக் கதையை எடுத்துட்டுப் போய் மேனேஜர்கிட்ட நீட்டறேன். நாற்காலி போட்டு உட்கார வைப்பாரு."

இரண்டு முடிவுகளையும் கிழித்தேன்.

6.

மூன்றாவது மதிப்பீடு இன்னும் வரவில்லை. ஆகவே இந்தக் கதைக்குள் அந்த இடம் உங்களுடையது.

முதல் மூன்று மதிப்பெண்ணில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. மீதி ஐந்தும் மேட்டுக்கு. அதில் மூன்று கிடைத்தால் அண்ணி தேறுவார். உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஒன்றைப் போட்டால் நான்கு வரும் என்று அண்ணி கண்டது தாளில் இல்லை. என் கதையில்தான் இருக்கிறது. அதைக் கேட்டவர் நீங்கள். கேட்டதைக் கணக்கில் எடுப்பீர்களா, கண்ணெதிரே இருக்கும் கோட்டை மட்டுமா? நான் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவன், என்னைக் கேட்காதீர்கள்.

தாளை உங்களிடம் கொடுக்கப்போவதாக அண்ணியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் முட்டியை நீவிக்கொண்டிருந்தார்.

"எனக்காகக் கெஞ்சி வைக்காத தம்பி. கோட்டை நல்லாப் பார்த்துட்டுப் போடச் சொல்லு."

வினா 14. மூன்றாம் மதிப்பீடு: ____ / 8