எங்கம்மாவை அனுப்புவீங்களா மிஸ்

அந்தப் பள்ளிக்கூடத்து முதல்வருக்கு ஆசிரியர் அறையில் வைத்திருந்த பெயர் சுற்றறிக்கையார். மனிதர் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் அறிவிப்புப் பலகையில் ஊசி குத்த இடமில்லை. ஆசிரியர்கள் நடந்தால் செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது. இடைவேளை தவிர வேறு நேரத்தில் டீ கூடாது. சாப்பாட்டு நேரம் இனிமேல் கால் மணிதான், பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஆசிரியர் அறைக் கண்ணாடியைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். அழகு பார்ப்பதில் நேரம் வீணாகிறதாம். கணக்கு டீச்சர் அன்று முழுக்க நெற்றியில் சாக்பீஸ் பொடியோடு வேண்டுமென்றே திரிந்தாள்.

இதையெல்லாம் இரண்டாம் வகுப்பு டீச்சர் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள். ஒன்றுக்கு அவள் டீச்சர். சுவருக்கு அந்தப் பக்கம், இன்னொரு பிரிவில், அவள் மகள் சிட்டு படித்தாள். ஊழியர்களின் பிள்ளைகள் பள்ளிக்குள் மாணவர்கள் மட்டுமே, அம்மா அப்பா என்ற பேச்சே எழக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது.

வந்த மறுநாளே சிட்டு மைதானத்தில் விழுந்து, முட்டி சிராய்த்து, "அம்மா" என்று அலறினாள். பெற்றவளுக்குச் சுற்றறிக்கையா ஞாபகம் வரும்? ஓடிப்போய்த் தூக்கினாள். அடுத்த பாடவேளையில் முதல்வர் அறைக்குப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். வெளியே பெஞ்சில், முட்டியில் மருந்தோடு உட்கார்ந்திருந்த சிட்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக் குளியலறையிலிருந்து குரல் வந்தது. "மிஸ், துண்டு எடுத்துட்டு வர்றீங்களா?"

விளையாட்டு என்றுதான் நினைத்தாள். சாப்பிடும்போதும் மிஸ், படுக்கும்போதும் மிஸ் என்றதும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஏண்டி, வீட்ல என்னடி மிஸ்?"

"வீட்ல அம்மான்னு கூப்பிட்டா ஸ்கூல்லயும் அதுவே வாயில வந்துடும் மிஸ். அப்புறம் உங்கள திட்டுவாங்க."

கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். பெண் பிடித்த பிடியை விடவில்லை. கப்பலில் வேலை பார்க்கும் அப்பா போனில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளை தன்னைக் காப்பாற்ற வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறது, எங்கிருந்து சிரிப்பு வரும்? அந்த ஒரு வார்த்தை திரும்பக் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

இந்த லட்சணத்தில் பெற்றோர் கூட்டம் வந்தது. சிட்டுவின் வகுப்புக்கு அம்மாவாகப் போய்வர அனுமதி கேட்டு அவள் முதல்வரிடம் போய் நின்றாள்.

"மீட்டிங் முடியற வரைக்கும் உங்க சீட் காலியா இருக்கக் கூடாது டீச்சர். பாப்பாவோட அப்பாவ வரச் சொல்லுங்க."

"அவர் கப்பல்ல இருக்கார் சார். எங்களுக்கு வேற யாரும் இல்ல. பக்கத்து ரூம்தான், பத்து நிமிஷம் போதும்."

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

யாரும் வராத பிள்ளைகள் நூலகத்தில் உட்கார வேண்டும். சிட்டு அதற்கு முகம் சுளிக்கவில்லை. "நான் வரைஞ்சத சுவத்துல ஒட்டியிருக்காங்க மிஸ். பேரண்ட்ஸ் வந்தா பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

கூட்டத்தன்று டீச்சர் மேஜைக்கு முன்னால் பெற்றோர் வரிசை வாசல் வரை நின்றது. வாசலில் முதல்வர் மேற்பார்வைக்கு வந்து நின்றிருந்தார். ஒரு தாய் எழுந்து போனதும், அடுத்து நின்ற பெரியவர்களுக்கு நடுவிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு சிட்டு முன்னால் வந்தாள்.

"நீ லைப்ரரில இல்ல இருக்கணும்?"

"பெர்மிஷன் கேக்க வந்தேன் மிஸ். எங்கம்மா இங்கதான் வேலை பாக்கறாங்க. அவங்கள பத்து நிமிஷம் அனுப்புவீங்களா? நானே கூட்டிட்டுப் போய், நானே திரும்பக் கொண்டாந்து விட்டுடறேன்."

வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் வாசலில் நின்ற முதல்வரைப் பார்த்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று பேனாவை மூடி வைத்தாள்.

"அனுப்பறேன்" என்று எழுந்தாள்.

"டீச்சர், சீட்..." என்றார் முதல்வர்.

கையில் எண்ணெய்க் கறையோடு நின்ற மெக்கானிக் ஒருவர் குறுக்கே பேசினார். "நாங்க எங்கயும் ஓடிட மாட்டோம். நீங்க போயிட்டு வாங்க டீச்சர்."

முதல்வர் வரிசையைப் பார்த்தார், காலி நாற்காலியைப் பார்த்தார். "சீட் காலியா இருக்கக் கூடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்த் தானே அதில் உட்கார்ந்தார். விதியும் பிழைத்தது, மானமும் பிழைத்தது.

"நீங்களே உக்காந்தது நல்லதாப் போச்சு சார்" என்று மெக்கானிக் எதிரே உட்கார்ந்தார். "எம்புள்ள தினம் பாதி சோத்த அப்படியே திருப்பிக் கொண்டு வர்றான். டைம் பத்தலங்கறான். அதென்ன சார் விஷயம்?" முதல்வர் மதிப்பெண் பட்டியலை மேலும் கீழும் புரட்டினார்.

அடுத்த அறை வாசலில் சிட்டு நின்றாள். "மிஸ், எங்கம்மா வந்திருக்காங்க." பள்ளிக்கூடமே கேட்கும்படி சொன்னாள்.

அந்த மிஸ்ஸும் டீச்சரும் தினமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். ஆனாலும் டீச்சர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எல்லா அம்மாக்களையும் போல, "எப்படிப் படிக்கறா எங்க பொண்ணு?" என்று கேட்டாள்.

"நல்லா படிக்கறா. பேச்சுதான் இப்பல்லாம் கொறஞ்சு போச்சு."

சுவரில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு கப்பல், அதில் பொட்டளவு அப்பா. கரையில் கையாட்டும் ஒரு பெண். கப்பலைவிட அவள்தான் பெரிதாக இருந்தாள். டீச்சர் அதைப் பார்த்து முடிக்கப் பத்து நிமிஷம் போதவில்லை.

திரும்பி வந்தபோது முதல்வர் நாலாவது பெற்றோரிடம் மாட்டிக்கொண்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கொண்டாந்து விட்டுட்டேன் சார்" என்றாள் சிட்டு.

அவர் எழுந்து நாற்காலியை டீச்சர் பக்கம் தள்ளினார். சிட்டுவின் முட்டியைப் பார்த்தார். "ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு சார்."

"இனிமே விழுந்தா அம்மாவக் கூப்பிடு" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். செருப்புச் சத்தம் நன்றாகவே கேட்டது.

சாப்பாட்டு நேரம் திங்கட்கிழமை பழையபடி அரை மணி ஆனது. ஊழியர் பிள்ளைகளைப் பற்றிய அந்தச் சுற்றறிக்கையும் அன்றுதான் பலகையிலிருந்து இறங்கியது. கண்ணாடி இன்னும் வரவில்லை, அதற்குக் கணக்கு டீச்சர் வேறு ஏதோ திட்டம் வைத்திருக்கிறாள்.

வீட்டில் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டி வரவில்லை. கூட்டம் முடிந்த சாயங்காலம் டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது.

"அம்மா, துண்ட எடுத்துட்டு வா."

துண்டு மடியிலேயே இருந்தது. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.